நடந்துதான் போனான்

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் பட்டனக்கா. சட்டையில் பட்டன் அறுந்தவர்கள் அவசரமாகப் படியேறி வந்தால், "கழட்ட வேண்டாம், அப்படியே நில்லுங்க" என்று ஆளை நிற்க வைத்தே ஊசியை ஓட்டி, நூலைப் பல்லால் கடித்து அனுப்பிவிடுவாள். அதற்குக் காசு வாங்கியதில்லை. "பட்டனுக்கெல்லாம் காசு வாங்கினா ஊசி என்கிட்ட கோவிச்சுக்கும்" என்பாள். மற்றபடி தொழிலில் கறாரானவள். நாளைக்கு என்று சொன்னால் நாளைக்குத்தான். முன்னாலேயே வந்து நச்சரிப்பவர்களைப் பாதிப் படியிலேயே திருப்பி அனுப்பும் பார்வை அவளுக்கு உண்டு.

தையல் கடை மாடியில் இருந்தது. கீழே ஒரு பழக்கடை. பக்கத்துக் கட்டடம் போலீஸ் ஸ்டேஷன். மாடி அறைக்கு இரண்டு ஜன்னல்கள். முன் ஜன்னலில் நின்றால் தெருவும் ஸ்டேஷன் வாசலும் தெரியும். பக்க ஜன்னலில் எட்டிப் பார்த்தால் ஸ்டேஷனின் பின்பக்கம்: பறிமுதல் செய்த மோட்டார் சைக்கிள்கள் துருப்பிடித்துக் கிடக்கும் சிமெண்டுத் தரை, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கம்பிக் கதவு. வெளிச்சம் வேண்டுமென்று மெஷினை அந்தப் பக்க ஜன்னலோடு ஒட்டிப் போட்டிருந்தாள்.

ஸ்டேஷன் பக்கத்தில் இருந்ததுதான் அவள் பிழைப்பு. அங்கே வேலை பார்த்தவர்களின் உடுப்பு முக்கால்வாசியும் அவள் கை பட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒல்லிப் பையன்களுக்கு இடுப்பைப் பிடித்துக் கொடுப்பாள். அவர்களே கல்யாணமாகிப் பெருத்த பிறகு அதைப் பிரித்தும் கொடுப்பாள். இன்ஸ்பெக்டர் தானே படியேறி வருவார்.

"பட்டனக்கா, இடுப்புல இன்னும் கொஞ்சம் விட்டுக் குடுங்க."

"போன தடவையே கடைசி மடிப்பையும் பிரிச்சாச்சு சார். இனி துணியில இடமில்ல. சாப்பாட்டுலதான் விடணும்."

அவர் வயிறு குலுங்கச் சிரிப்பார். நல்ல மனிதர் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவளுடைய மகளை பஸ்ஸில் ஒருவன் தினமும் தொல்லைப்படுத்தியபோது, ஒரு வார்த்தை சொன்னதும் அன்றைக்கே அதை நிறுத்தியவர் அவர். அந்த நன்றி அவளுக்கு இருந்தது. பின்னால் நடந்ததை அவள் சொல்லும்போதெல்லாம் இதையும் சேர்த்தே சொல்வாள். இதை விட்டுவிட்டுச் சொன்னால் அது அரைகுறை என்பாள்.

கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். வாய் ஓயாமல் பேசுகிற ஆள். சண்டை என்று கேள்விப்பட்டால் மட்டும் நாலு தெரு சுற்றிப் போவார். ஒரே மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேருக்கும் பெரிய கனவு எதுவும் கிடையாது. மகளுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை, குளியலறைக்கு ஒழுகாத கூரை, இவ்வளவுதான்.

அந்த வட்டாரத்தில் ஏ.சி. பழுது பார்க்கிற இளைஞன் ஒருவன் இருந்தான். எல்லோரும் ஏ.சி. தம்பி என்றே கூப்பிடுவார்கள். உயரமானவன். ஏணி இல்லாமலே கைக்கு எட்டும் என்று பெருமை அடித்துக்கொள்வான். ஒருநாள் காலை அவன் ஜிப் அறுந்த பேண்ட் ஒன்றைக் கொண்டுவந்து அவள் மேஜைமேல் வைத்தான்.

"சாயங்காலம் வாங்கிக்கறேன் அக்கா. இப்ப ஸ்டேஷன்ல கூப்பிட்டிருக்காங்க. பத்து நிமிஷம்தான்னாங்க."

"ஏ.சி. ஓடலையா அவங்களுக்கு?"

"அதுவாத்தான் இருக்கும். வெயில் தாங்கல போல."

முன் ஜன்னல் வழியாக அவன் ஸ்டேஷன் வாசலுக்குள் போவதை அவள் பார்த்தாள். உள்ளே நுழையும்போது அவளை நிமிர்ந்து பார்த்துக் கையாட்டினான். கீழே பழக்கடைக்காரரிடமும் ஏதோ சொல்லிவிட்டுத்தான் போனான்.

மத்தியானம் ஒரு மழை பெய்து ஓய்ந்தது. கரண்ட் போயிருந்தது. மெஷின் நின்றுவிட்டதால் அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதியில்தான் பின்பக்கத்துச் சத்தம் அவளுக்குக் கேட்டது. யாரோ துணி துவைப்பது மாதிரி. எட்டிப் பார்த்தாள். சிமெண்டுத் தரையில் ஏ.சி. தம்பி பனியனோடு கிடந்தான். ஒரு போலீஸ்காரர் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து அவன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் அவன் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கப் பார்த்தார். ஈரமூட்டை மாதிரி அவன் வழுக்கிக் கீழே விழுந்தான். இன்ஸ்பெக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். அவர் கையில் ஒரு ரப்பர் குழாய்த் துண்டு இருந்தது. காலால் அவன் தோளை ஒருமுறை நகர்த்திப் பார்த்தார். பிறகு இன்னும் இரண்டு அடி அடித்தார். அடி வாங்கியவனிடமிருந்து சத்தமே வரவில்லை.

அவள் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். கரண்ட் வந்தது. ஊசியில் நூல் கோக்க முயன்றாள். நூல் ஊசியின் காதுக்கு அக்கம்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் பேண்டை வாங்க யாரும் வரவில்லை.

ஸ்டேஷனில் எழுதியது வேறு. திருடன் என்று சந்தேகப்பட்டுப் பொதுமக்கள் அவனைப் பிடித்து அடித்துவிட்டார்கள். போலீசார் மீட்டுக் கொண்டுவந்தார்கள். வந்த சற்று நேரத்தில் மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் பிரிந்தது. அவன் ஏ.சி. மாட்டிய ஒரு வீட்டில் தங்க வளையல் காணவில்லை என்று புகார் இருந்ததாம். அந்த வளையல் அவர்கள் வீட்டு அலமாரிக்குப் பின்னாலேயே கிடைத்தது என்று பிற்பாடு பேச்சு. அதை யாரும் எங்கேயும் எழுதவில்லை.

மறுநாள் ஒரு போலீஸ்காரர் தாள்களோடு கடை கடையாக வந்தார். 'சம்பவம் பற்றி நான் எதையும் பார்க்கவில்லை, கேட்கவில்லை' என்று அச்சடித்திருந்தது. அவள்தான் அவருக்கு உடுப்பு தைத்தவள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும் காட்டினார். அவள் போட்டாள். பழக்கடைக்காரரும் போட்டார். தெருவே போட்டது.

ஒரு வாரம் போயிருக்கும். ஏ.சி. தம்பியின் தாய் தெருவுக்கு வந்தார். பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் ஒட்டுகிற வேலை. மெஷின் இரைச்சலில் இடது காது மந்தமாகிவிட்டிருந்தது. அதனால் எல்லோரிடமும் தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுத்தே பேசுவார். அழவில்லை, கத்தவில்லை. ஒவ்வொரு கடையிலும் ஏறி ஒரே கேள்வியைக் கேட்டார். கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். கடைசியில் மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்க நின்றார்.

"தங்கச்சி, நான் யார்மேலயும் கேஸ் போட வரல. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். ஜனங்க அடிச்சு, தூக்கிட்டு வந்து போட்டாங்கங்கறாங்க. என் பையன் அப்படியா உள்ள போனான்? இல்ல, நடந்து போனானா?"

பார்க்கவில்லை என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். ஒரு வாரமாக எல்லோரிடமும் சொல்லிப் பழகிய வார்த்தைதான். ஆனால் அந்த அம்மா காதை அவள் முகத்துக்கு அத்தனை பக்கத்தில் கொண்டுவந்து நீட்டிக்கொண்டு நின்றார்.

"நடந்துதான் போனான் அக்கா," என்றாள். "எனக்குக் கையாட்டிட்டுப் போனான்."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் ஜிப் மாற்றி மடித்து வைத்திருந்த பேண்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள். பிறகு பின்பக்கத்தில் பார்த்ததையும் சொன்னாள். ஒன்றைச் சொல்லிவிட்டு மற்றதை மறைக்க அவளுக்கு வரவில்லை.

விஷயம் வீட்டுக்குத் தெரிந்தபோது கணவர் சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டார்.

"உனக்கு என்ன கிறுக்கா? நம்ம பிழைப்பே அவங்க பக்கத்துலதான் ஓடுது. யாரோ செத்ததுக்கு நாம எதுக்குக் குழி வெட்டிக்கணும்?"

"யாரோ இல்லங்க. நம்ம ஏ.சி. தம்பி."

"சரி, அவனேதான். போனவன் வருவானா?"

"வரமாட்டான்."

"அப்புறம்?"

"அந்தம்மா கேட்டாங்க, சொல்லிட்டேன்" என்பதைத் தவிர வேறு காரணத்தை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மனித உரிமை அமைப்பிலிருந்து ஓர் இளம் பெண் வக்கீல் வந்தார். அவர் கூடவே போய் மாஜிஸ்திரேட் முன்னால் அவள் வாக்குமூலம் கொடுத்தாள். கீழே இருந்த பழக்கடைக்காரரும் அவள் தைரியத்தில் தைரியம் வந்து, அவன் தன் கடைமுன் நின்று பேசிவிட்டு நடந்து உள்ளே போனதைச் சொன்னார். இன்ஸ்பெக்டர்மேலும் இரண்டு போலீஸ்காரர்மேலும் வழக்குப் பதிவானது. கொஞ்ச காலம் அவர்களை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அப்புறம் வேறு ஊரில் சேர்த்துக்கொண்டார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இன்ஸ்பெக்டருக்குப் பதவி உயர்வும் வந்தது.

பட்டனக்காவுக்கு என்ன நடந்தது என்றால், முதலில் ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருந்தது. யாரும் மிரட்டவில்லை. உடுப்பு தைக்க வருவது நின்றது. தைக்கக் கொடுத்திருந்ததையும் ஒவ்வொருவராக வந்து வாங்கிப் போனார்கள். ஒருவர் பாதி தைத்த சட்டையை, ஒரு கையில்லாமலேயே எடுத்துப் போனார். பிறகு சாதாரண உடையில் ஓர் ஆள் வந்து வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பான். "என்ன தைக்கணும்?" என்றால், "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்பான். பெண்கள் அளவு கொடுக்க வரத் தயங்கினார்கள். கணவரின் வேனைப் போலீசார் தெருவுக்குத் தெரு நிறுத்தினார்கள். விளக்கு சரியில்லை, கண்ணாடி சரியில்லை, சீட்டு சரியில்லை. பிள்ளைகள் பள்ளிக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள்; பள்ளிக்கூடம் வேறு வேன் பார்த்துக்கொண்டது. அவர் ஒரு குடோனில் மூட்டை எண்ணும் வேலைக்குப் போனார். பேச ஆள் இல்லாத வேலை. அதுதான் அவரை அதிகம் உடைத்தது.

மகள் தேர்வில் தேறி அரசாங்க ஆஸ்பத்திரி வேலைக்குத் தேர்வானாள். நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீசுக்குப் போன காகிதம் திரும்பி வரவே இல்லை. கேட்டால், வரும் என்றார்கள். அந்த இடத்தில் வேறு ஒருத்தி சேர்ந்துவிட்ட செய்தி வந்த அன்று மகள் அவளிடம் கேட்டாள்:

"அம்மா, நீ பெத்த பொண்ணவிட, யாரோ பெத்த பையன் உனக்குப் பெருசாப் போயிட்டானா?"

அவள் தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். அதற்குள் மகள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். பிற்பாடு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆயிற்று. வருவாள், போவாள், அம்மாவுக்கு மாத்திரை வாங்கித் தருவாள். அந்தக் கேள்வியை மட்டும் இருவரும் அப்புறம் தொட்டதே இல்லை.

விசாரணை தொடங்கவே வருடங்கள் ஆயின. தொடங்கிய பிறகு வாய்தா. ஒருநாள் நீதிபதி விடுப்பு, ஒருநாள் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலை, ஒருநாள் குற்றம் சாட்டப்பட்டவருக்கு முதுகுவலி. கோர்ட்டு வராந்தாவில் ஒரு நீண்ட பெஞ்சு இருந்தது. ஒரு கால் குட்டை. யாராவது எழுந்தால் உட்கார்ந்திருப்பவர் சாய்வார். அதில் ஏ.சி. தம்பியின் தாயும் பட்டனக்காவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கொண்டுவந்த சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்வார்கள். அந்த அம்மா ஒருமுறைகூட நன்றி என்று சொன்னதில்லை. மாறாக, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பார்.

"அன்னைக்கு என்ன சட்டை போட்டிருந்தான்?"

"நீலக் கட்டம் அக்கா."

"தலை வாரியிருந்தானா?"

"வாரியிருந்தான்."

"சிரிச்சானா?"

"வெயில் தாங்கல போலன்னு சொல்லிச் சிரிச்சான்."

அந்த அம்மா தலையை ஆட்டுவார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆரம்பிப்பார். அவளும் முதல்முறை சொல்வது போலவே சொல்வாள்.

பழக்கடைக்காரரின் முறை வந்தது. கூண்டில் ஏறியவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு எதுவும் ஞாபகம் இல்லைங்க. நான் அப்படிச் சொல்லலைங்க. யாரோ எழுதிக்கிட்டாங்க" என்றார். அரசு வக்கீல் சலிப்போடு, இவர் பிறழ் சாட்சி என்று பதிவு செய்யச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வெளியே தண்ணீர்க் குழாயடியில் அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு பட்டனக்கா," என்றார் அவர், குழாயை மூடாமலே.

"எனக்கும் ஒருத்தி இருக்கா."

அவர் முகத்தைத் துடைக்காமலேயே போய்விட்டார். அடுத்த வாரம் அவள் கடைப்படியில் ஒரு பை நிறையப் பழம் இருந்தது. அவள் அதைத் தொடவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை. அழுகிப்போன பிறகு குப்பைக்காரர் எடுத்துப் போனார்.

அவளுடைய முறை வந்தபோது நல்ல கோடை. மின்விசிறி ஓடிய சத்தத்தில் அவள் பேசியது கேட்கவில்லையென்று நீதிபதி அதை நிறுத்தச் சொன்னார். வயதான நீதிபதி, அவள் பேசும்போது எழுதுவதை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பார்த்தது அத்தனையும் சொன்னாள். இன்ஸ்பெக்டர் கை கட்டி நின்றிருந்தார். மகள் விஷயத்தில் அவர் செய்த உதவியையும் தானாகவே சொன்னாள். அரசு வக்கீல் அவசரமாகக் கையசைத்து நிறுத்தப் பார்த்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. அம்மா, அம்மா என்றுதான் பேசினார்.

"அம்மா, இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"எதையும் பாக்கலன்னு இதுல இருக்கு. படிச்சுட்டுத்தான் போட்டீங்களா?"

"படிச்சேங்க."

"அப்ப இது பொய்யா? இல்ல இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

"இதுதாங்க பொய்."

"ஏம்மா பொய் சொன்னீங்க?"

"பயமா இருந்துச்சு."

"இப்ப பயம் போயிடுச்சா?"

அவள் யோசித்தாள். "இல்லைங்க. இப்பவும் பயமாத்தான் இருக்கு."

கோர்ட்டில் சின்னச் சலசலப்பு. வக்கீல் நீதிபதியின் பக்கம் திரும்பினார். "பயந்தா பொய் சொல்வேன்னு சாட்சியே ஒத்துக்கறாங்க. இப்பவும் பயம் இருக்குன்னும் அவங்களே சொல்றாங்க. எனக்கு வேற கேள்வி இல்ல."

அவள் கூண்டிலிருந்து இறங்கினாள். தான் சொன்ன உண்மையே எப்படித் தனக்கு எதிராகத் திரும்பியது என்று அவளுக்குப் புரியவில்லை. வராந்தாவில் அந்த அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். "சரியாத்தான் சொன்ன தங்கச்சி," என்றார். உள்ளே பேசியதில் பாதி அவர் காதில் விழுந்திருக்காது.

அந்த வயதான நீதிபதி மாற்றலாகிப் போய்விட்டார். அவருக்குப் பின் வந்தவரும் போனார். தீர்ப்பு எழுதியவர் பட்டனக்காவை நேரில் பார்த்தே இராதவர். அவள் குரல் எப்படி இருந்தது, எந்தக் கேள்விக்கு யோசித்தாள், எதற்கு உடனே பதில் சொன்னாள் என்பதெல்லாம் தட்டச்சு செய்த தாளில் இருக்காது. இருந்தது கேள்வியும் பதிலும் மட்டும். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. மேஜை நிறையக் கட்டுக்கட்டாக வழக்குகள். அதில் இதுவும் ஒன்று.

தீர்ப்பு நாளில் இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நீதிபதி வேகமாக வாசித்தார். தையல்காரப் பெண்மணி உண்மை பேசவில்லை என்று கூறிவிட முடியாது. எனினும் அவரது சாட்சியம் வேறு எவராலும் உறுதிப்படுத்தப்படாமல் தனித்து நிற்கிறது. முன்னுக்குப் பின் முரணாகவும் உள்ளது. ஆகவே சந்தேகத்தின் பலனை எதிரிகளுக்கு அளித்து மூவரும் விடுதலை செய்யப்படுகிறார்கள். முன்வரிசையில் கை குலுக்கிக்கொண்டார்கள். ஒருவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த அம்மா வலது காதை அவள் பக்கம் திருப்பினார்.

"என்ன சொன்னாங்க தங்கச்சி?"

வக்கீல் வந்து சொல்லட்டும் என்று அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். இளம் பெண் வக்கீல் முன்னால் நின்று கோர்ட்டு அலுவலரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"விட்டுட்டாங்க அக்கா."

"யார?"

"எல்லாரையும்."

"உன்ன நம்பலையா?"

"நம்பினாங்களாம். பத்தலையாம்."

"எது பத்தல?"

"நான் ஒருத்தி பாத்தது பத்தலையாம்."

அந்த அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். வெளியே வரும்போது வராந்தாவில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். தலை நரைத்து, உடம்பு வற்றிப்போயிருந்தார். அவளைப் பார்த்ததும் எதையோ சொல்ல வருவது போல நின்று, பிறகு செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். போன் ஒலித்ததாக அவளுக்குத் தெரியவில்லை.

பெண் வக்கீல் அந்த அம்மாவின் பெயரில் மேல்முறையீடு செய்தார். அது வரிசையில் காத்துக்கிடந்தது. பிஸ்கட் கம்பெனியில் அவரை நிறுத்திவிட்டார்கள். கண்ணும் மங்கத் தொடங்கியது. பட்டனக்கா வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து, துவைத்துப் போட்டுவிட்டு வருவாள். ஒரு முறை போனபோது அவர் கட்டிலில் சுருண்டு படுத்திருந்தார். ஜுரம் என்றார். ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலைந்து நாள் இருந்தார். கடைசியாகப் பேசிய அன்று, "நீலக் கட்டம்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்று பட்டனக்கா அவர் காதருகில் சொன்னாள். மேல்முறையீட்டுக்கு முதல் தேதிகூட அதற்குள் வரவில்லை.

ஈமக் காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பெண் வக்கீல் கூப்பிட்டனுப்பினார். மனு போட்டவர் இறந்துவிட்டார். ரத்த உறவில் யாராவது அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டால்தான் வழக்கு நிற்கும். இல்லாவிட்டால் அப்படியே முடிந்துபோகும்.

"நான் போடறேன்ம்மா," என்றாள் பட்டனக்கா.

"உங்களால முடியாதுக்கா. நீங்க சாட்சிதான். உறவில்ல."

"அவங்க சாகும்போது நான்தானே பக்கத்துல இருந்தேன்?"

வக்கீல் பேனாவை மூடி மூடித் திறந்தார். "எனக்குத் தெரியும்க்கா. சட்டத்துக்குத் தெரியாது."

இறந்தவரின் தங்கை மகன் ஒருவன் வேறு ஊரில் டயர் பஞ்சர் கடை வைத்திருந்தான். அவனைப் பார்க்க அவள் கிளம்பினாள். செருப்பை மாட்டும்போது கணவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"நீங்க எங்க?"

"உனக்குப் பேசத் தெரியாது. உள்ளத அப்படியே சொல்லுவ, அவன் பயந்துடுவான்."

பஸ்ஸில் வழி முழுக்க அவர் வாயைத் திறக்கவில்லை. பஞ்சர் கடையில் அந்த இளைஞன் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் கையை உதறிவிட்டு எழுந்தான்.

"என்ன விட்டுடுங்க. ரோட்டோரத்துல கடை போட்டிருக்கேன். போலீஸ் நினைச்சா ஒரே நாள்ல தூக்கிடுவான். பெரியம்மாவே போயிட்டாங்க. இனி யாருக்காக?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கணவர் அவளைக் கையமர்த்தினார்.

"தம்பி, நீ சொல்றது அத்தனையும் நிஜம். உனக்குத் தொல்லை வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். வரும். எனக்கு வந்துச்சு. நான் உன்னைவிடப் பயந்தவன். இவ சாட்சி சொன்னதுக்கு, வருஷக்கணக்கா இவகிட்ட மூஞ்சி குடுத்துப் பேசாம இருந்தவன்." அவர் பக்கத்தில் கிடந்த ஒரு டயர்மேல் உட்கார்ந்தார். "பயந்து பாத்தாச்சு தம்பி. பயந்ததுல ஒண்ணும் மிச்சமாகல. வேன் போச்சு, பொண்ணு வேலை போச்சு. பயப்படாதவளுக்கும் அதேதான் போச்சு. ஆனா இவளுக்குத் தூக்கம் வருது. எனக்கு வரல."

இளைஞன் டியூபை மறுபடி தண்ணீரில் அமுக்கினான். ஒரு சைக்கிள்காரர் வந்து காற்று அடிக்கச் சொன்னார், அடித்து அனுப்பினான். பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "எங்க போடணும்?" என்றான். தாளின் ஓரத்தில் அவன் கட்டைவிரலின் கருப்பு அப்படியே பதிந்தது. கோர்ட்டில் அழுக்கு என்று சொல்வார்களோ என்று அவளுக்குக் கவலை. வக்கீல் பரவாயில்லை என்றார்.

மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டார்கள். இன்னும் முடியவில்லை. இன்ஸ்பெக்டர் ஓய்வு பெற்று, மாலை மரியாதையோடு வழியனுப்பப்பட்ட படம் பேப்பரில் வந்தது. மாடிக்கடையை அவள் எப்போதோ காலி செய்துவிட்டாள். வீட்டு முன்னறையில் தலையணை உறையும் திரைச்சீலையும் தைக்கிறாள். கண்ணில் புரை விழுந்ததால் நேர்த்தையல் மட்டும். மேல்கோர்ட்டில் சாட்சிகளைக் கூப்பிட மாட்டார்கள், தாளை வைத்துத்தான் பேசுவார்கள், நீங்கள் வர வேண்டியதே இல்லை என்று வக்கீல் பலமுறை சொல்லியாயிற்று. பஞ்சர் கடை இளைஞன் தேதிக்கு முதல்நாள் போன் செய்வான்.

"பெரியம்மா, நாளைக்கு வர்றீங்களா?"

முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது, தவறிச் சொல்லிவிட்டான் என்று நினைத்தாள். அவன் திருத்திக்கொள்ளவில்லை.

"வர்றேம்ப்பா," என்பாள். கணவரும் கூட வருவார். மூவரும் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் வழக்கு எடுக்கப்படாது. எழுந்து வெளியே வந்து, அடுத்த தேதியைக் கேட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்பார்கள்.